கீரி கட்டிய கூடைப்பந்து மைதானம்

ஒரு காட்டில், செல்போன் கோபுரத்துக்குத் தெற்கே, ஒரு கீரிக் குடும்பம் இருந்தது. அந்தக் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போய்ப் பட்டம் வாங்கியவள் இளவேனில். பட்டம் வாங்கிய பிறகு மாலை நேரங்களில் அணில் குட்டிகளுக்கு டியூஷன் எடுத்தாள். மற்ற நேரமெல்லாம் வேலை கிடைக்காமல் போய்விடுமோ என்று பயந்துகொண்டிருந்தாள்.

காட்டுக் காவல் படையில், கூடைப்பந்து ஆடத் தெரிந்தவருக்கென்று ஒரே ஒரு வேலை ஒதுக்கியிருந்தார்கள். சித்திரையில் தேர்வு. வயது வரம்பின்படி இளவேனிலுக்கு இதுதான் கடைசி வாய்ப்பு. கல்லூரி அணியில் அவள் ஆடியிருக்கிறாள், பெரும்பாலும் பெஞ்சில். ஆனால் பயிற்சி எடுக்க அந்தக் காட்டில் சமதளம் என்று ஒன்றுகூட இல்லை. பந்தை எங்கே தட்டினாலும் அது வேரில் பட்டுப் புற்றுக்குள் போனது.

"வீட்டுக்குப் பின்னால இடம் சும்மாதானே கிடக்கு? சின்னதா ஒரு மைதானம் கட்டிக்கிடுதேன்ம்மா" என்றாள்.

"சும்மாவா கிடக்கு? அந்தப் புதருக்குத்தான் பாம்பு வருது. சிமெண்டு போட்டுட்டா சாப்பாட்டுக்கு என்னட்டி செய்ய?" என்றாள் அம்மா.

"வேலை கிடைச்சா கடையில வாங்கிக்கிடலாம்."

வேலை என்ற சொல்லுக்கு எதிராக அந்த வீட்டில் யாரும் பேசுவதில்லை.

இளவேனில் செல்போனில் பல வீடியோக்கள் பார்த்தாள். முழு மைதானம் கட்டுப்படியாகாது என்று பாதி மைதானத்துக்கு இறங்கினாள். கூடைக்கு ஒரு பழைய சைக்கிள் சக்கரம், கம்பிகளைப் பிடுங்கிவிட்டு. பலகைக்கு உடைந்த கட்டிலின் தலைமாடு. கம்பத்துக்குப் பனந்தூண். டியூஷன் பணம் முழுவதும் சிமெண்டுக்குப் போனது. கொத்தனார் முள்ளம்பன்றி வேலையை முடித்து, தரையைத் தட்டிப் பார்த்து, "இதுல நெல்லைக் கொட்டினா ஒரு மணி வீணாகாது" என்றார். இளவேனில் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டாள்.

தரை காய்ந்து, அவள் கோடு போட்ட மறுநாள் பக்கத்து வீட்டுக் காட்டுப்பன்றி கனகவல்லி ஒரு சாக்குடன் வந்தாள். உறவு ஒன்றுமில்லை, எல்லோருக்கும் அவள் அத்தை.

"வேனிலு, எங்க மண்தரையில போட்டா மிளகாயில மண்ணு ஒட்டுது பிள்ள. ஒரே ஒரு வெயில் காட்டிட்டு அள்ளிக்கிடுதேன்."

"அத்தை, காலையில நான் பயிற்சி..."

"நீ பாட்டுக்கு ஆடு. மிளகாய் என்ன உன் கையைப் பிடிச்சா இழுக்கப் போவுது?"

இளவேனில் வீட்டுக்குள் போய், தண்ணீர்ப் பானையில் முகம் பார்த்து, "மன்னிக்கணும் அத்தை, முடியாது" என்று சொல்லிப் பார்த்தாள். நன்றாகத்தான் வந்தது. வெளியே வந்து, "சரி அத்தை" என்றாள்.

ஒரு வெயில் போதவில்லை. மிளகாயைப் பார்த்துவிட்டுக் கரடி புளியைக் கொண்டுவந்து கூடைக்கு நேர் கீழே பரப்பியது, அங்கேதான் மரநிழல் விழாது என்று. மான்கள் கொள்ளுப்பயறைக் கொட்டின. குரங்கு வீட்டுக் காதுகுத்துக்குப் பனந்தூணில்தான் பந்தல் கட்டினார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் கனகவல்லி யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தது இளவேனில் காதில் விழுந்தது: "படிச்ச பிள்ள. முகம் சுளிக்கவே சுளிக்காது." அதைக் கேட்ட பிறகு சுளிப்பதற்கு வழியே இல்லாமல் போனது.

நடுவில் ஓரடி அகலத்துக்குப் பாதை விட்டிருந்தார்கள். தினமும் காலையில் அதில் அவள் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடினாள். மிளகாயை ஒட்டி வளைவாள், கொள்ளுக்கு முன்னால் ஒடுங்குவாள், புளிக்கு எட்டி நின்றே எறிவாள். மிளகாய் நெடியில் தும்மல் வந்தாலும் பந்து கையை விட்டுப் போகாது. செல்போனில் ஓர் ஆந்தை, தடைகள்தான் வீரரைச் செதுக்குகின்றன என்று பேசியது. இளவேனில் அதை இரண்டு தடவை கேட்டாள். உண்மையாகவும் இருந்தது, பங்குனி முடிவதற்குள் ஒரு மிளகாய்கூட மிதிபடாமல் தரை முழுவதும் ஓட அவளால் முடிந்தது. மான்கள் வேலியோரம் நின்று வாயைப் பிளந்தன.

மாலையில் அவள் டியூஷனுக்குப் போய்விடுவாள். அப்போது கிளிகளை விரட்ட கனகவல்லியின் மகன் தவமணி காவல் இருந்தான். இளவேனிலோடு படித்தவன், பாதியில் நின்றவன்.

"ஏ வேனிலு, அந்தப் பந்தைக் குடுத்துட்டுப் போ. சும்மா உக்காந்தா தூக்கம் வருது."

தினமும் கொடுத்துவிட்டுப் போனாள். தவமணி மிளகாயின் நடுவே நேராக ஓடிப் பந்தைச் சக்கரத்துக்குள் போட்டான். அவன் ஓடிய வழியெல்லாம் நொறுங்கியது.

"ஏல, மிளகாயை மிதிக்காத" என்றாள் கனகவல்லி.

"எப்படியும் பொடிக்கத்தானே போறோம்மா."

கனகவல்லி யோசித்துப் பார்த்தாள். சரியாகத்தான் இருந்தது.

தேர்வு நாளில், பிள்ளை தனியாகப் போக வேண்டாம் என்று கனகவல்லி மகனைத் துணைக்கு அனுப்பினாள். போகிறபோது அவனும் பெயரைக் கொடுக்கட்டும் என்றாள்.

காவல் படையின் மைதானம் பெரியது, சுத்தமானது. ஒரு காய்ந்த இலைகூடக் கிடையாது. நடுவர் நாரை விசில் ஊதினார். இளவேனில் பந்தை எடுத்தாள். வெறுந்தரையைக் கண்டதும் அவள் கால்கள் தாமாகவே இடப்பக்கம் வளைந்தன, பிறகு வலப்பக்கம், பிறகு ஒடுங்கின.

"ஏம்மா, எதிர்ல யாருமே இல்லையே. நேரா போயேன்" என்றார் நாரை.

"போறேங்கய்யா" என்றாள். போகவில்லை.

"கூடைக்குக் கீழ ஏன் போகவே மாட்டேங்கிறே?"

"அங்க புளி..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள்.

அடுத்து தவமணி. அவன் நேராக ஓடினான். பந்து பொறுக்கக் குறுக்கே வந்த இரண்டு பேர் விழுந்தார்கள். பந்து சக்கரத்துக்குள் போவதைப் போலவே வளையத்துக்குள் போனது. நாரை, "தயக்கமே இல்லாத பையன்" என்று சொல்லி அவனுக்கு வேலையைக் கொடுத்தார்.

மறுநாள் கனகவல்லி லட்டு கொண்டுவந்தாள். ஒன்றைத் தன் கையாலேயே இளவேனில் வாயில் வைத்தாள்.

"எல்லாம் உன் தரை குடுத்த வாழ்வு பிள்ள. நீ மனசை விட்டுராத. படிச்சவ, உனக்கு இது இல்லன்னா இன்னொண்ணு." பிறகு தரையை ஒரு பார்வை பார்த்தாள். "இனிமே நீ ஆட வேண்டியதில்லயே. நடுவுல அந்தப் பாதையில கொஞ்சம் வடகம் போட்டுக்கிடட்டுமா?"

இளவேனில் லட்டை மென்றாள். சொல்ல வேண்டியது முழுவதும் மனதில் வரிசையாக இருந்தது. விழுங்கினாள்.

"துணி விரிச்சுப் போடுங்க அத்தை. சிமெண்டுல ஒட்டிக்கிடும்" என்றாள்.

நீதி: மிகக் குறைந்த செலவில் கூடைப்பந்து மைதானம் வேண்டுவோர், பக்கத்து வீட்டுப் பிள்ளையை நன்றாகப் படிக்கும்படி ஊக்குவிக்க வேண்டும்.