அந்த இடத்தில் படகை வைத்தது என் தப்புதான்

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையைக் கட்டிய பாவி எழுதுவது. இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். பூனை நலம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? அக்காவின் இருமல் நின்றதா? உங்கள் தங்கை ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா?

அவள் பெட்டியோடு அங்கே வந்து இறங்கி ஒன்பது நாளாகிறது. என்ன சொன்னாளோ தெரியாது, நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன். அச்சகத்தில் முப்பத்து நான்கு வருடம் பிழை திருத்தியவன் நான். ஓய்வு பெற்ற பிறகு திருத்த ஒன்றும் கிடைக்காமல் அவள் மடித்து வைத்த துணியிலும் துடைத்து வைத்த பாத்திரத்திலும் பிழை பார்க்க ஆரம்பித்தேன். "என் உயிரை எடுக்காம ஏதாவது கத்துக்கங்க" என்று அவள்தான் தெருக்கோடியில் விளம்பரப் பலகை எழுதும் ஓவியரிடம் என்னை அனுப்பினாள். அவர் எண்ணெய் வண்ணங்களைக் கையில் கொடுத்து, கடற்கரையை வரையுங்கள் என்று சொல்லிவிட்டார்.

மாலையில் கரையில் படம் வைக்கும் மூன்று கால் சட்டத்தை நட்டுவிட்டு உட்கார்ந்தால், மச்சான், நமக்கு வீடு வாசல் இருப்பதே மறந்துபோகும். தண்ணீர் இப்போது ஈயமாக இருக்கும், தூரிகையைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தால் வெங்காயத்தோல் நிறமாகியிருக்கும். நேற்று வரைந்த கடலைத் திருத்தி இன்றைய கடலாக்குவேன். மறுநாள் போனால் அதுவும் தப்பு. தலையணையில் நீலம், பால் பாத்திரத்தில் நீலம், பூனை வாலில் நீலம். அதற்கெல்லாம் அவள் ஒன்றும் சொல்லவில்லை. மூன்று மாலை கூடவே வந்து, பறக்கிற சால்வையைப் பிடித்துக்கொண்டு ஈர மணலில் நின்றாள். "கடலை மட்டும் இஷ்டத்துக்கு ஆட விட்டுட்டு என்னை ஏன் அசையக் கூடாதுங்கறீங்க" என்று கேட்டாள். கட்டைவிரல் உயரத்துக்கு அவளை வரைந்தேன்.

இரண்டு வாரம் கழித்து ஓவியர் படத்தைப் பார்க்க வந்தார். "தள்ளி வெச்சுப் பாருங்க சார். கண்ணு எங்க போய் மாட்டிக்கிட்டு நிக்குதுன்னு கவனிங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். கவனித்தேன். வானத்தில் ஆரம்பித்தாலும் கண் அவளிடம் போய் நின்றது, அலையில் ஆரம்பித்தாலும் அவளிடம்தான். எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து பார்த்தேன், அப்போதும் அங்கேயேதான். கண் ஒரு இடத்தில் தடுக்கினால் அங்கே பிழை என்றுதானே எனக்குப் பழக்கம்? நல்ல பருமனான படகு ஒன்றை அவள் மேல் வைத்துவிட்டேன்.

காபியோடு வந்தவள் ரொம்ப நேரம் பார்த்தாள். "நான் எங்க?" என்றாள். "கண்ணை உறுத்திச்சு, எடுத்துட்டேன்" என்றேன். மூன்றே வார்த்தையில் குடும்பத்தைக் கவிழ்த்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

இப்போது வீட்டில் வைத்த சாமான் வைத்த இடத்திலேயே இருக்கிறது. பிழை என்று சொல்ல ஒன்றுமே இல்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை. தூரிகைகளை ஓவியரிடமே கொடுத்துவிட்டேன். படத்தைப் பரணில் போட்டுவிடுகிறேன். இனி கடல் இருக்கிற பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டேன், இது சத்தியம். நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் வந்துவிடுவாள்.

அக்காவுக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு ஆசிகள், உங்களுக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
உங்கள் மாப்பிள்ளை

பி.கு.: பரணில் ஏற்றும் முன் டர்பன்டைனில் நனைத்த துணியால் படகை லேசாகத் துடைத்துப் பார்த்தேன். எண்ணெயைக் கொட்டி வரைந்த படகு, இன்னும் காயாமல் மொத்தமாக வழித்துக்கொண்டு வந்துவிட்டது. அடியில் மெலிசாகத் தீட்டியிருந்த அவள் நன்றாகக் காய்ந்து, பிடித்த சால்வையை விடாமல் அப்படியே நிற்கிறாள். தூரிகைகளைத் திரும்ப வாங்கி வந்துவிட்டேன். சால்வையின் கரை மட்டும் பாக்கி இருக்கிறது, வரும்போது அந்தச் சால்வையை மறக்காமல் எடுத்துவரச் சொல்லுங்கள். ஒரே ஒரு மாலை நின்றால் போதும். காலையிலிருந்து படத்தைத் தள்ளி வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், கண் இன்னும் அவளிடமேதான் நிற்கிறது. அது பிழை இல்லை என்று நீங்களே சொல்லுங்கள் மச்சான், நான் சொன்னால் நம்ப மாட்டாள்.