ஒமாஹாப் பரணி

குழாய் முழு வேகத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. கதவு உள்ளே தாழிடப்பட்டிருந்தது. கவிழ்த்துப் போட்ட வாளியின்மேல் அமர்ந்து, கைப்பேசியை மூக்கு நுனிக்கு நெருக்கிப் பிடித்து, உதடுகள் துடிதுடிக்க மந்திரம்போல் முணுமுணுத்துக்கொண்டிருந்தான் ஒருவன்.

"மூணு ஒரே சீட்டை ஸ்ட்ரெய்ட் வெல்லும். ஸ்ட்ரெய்ட்டை ஃப்ளஷ் வெல்லும். ஃப்ளஷ்ஷை ஃபுல் ஹவுஸ் வெல்லும். ஃபுல் ஹவுஸை நாலு ஒரே சீட்டு வெல்லும். நாலு ஒரே சீட்டை..."

கதவு அதிர்ந்தது.

"சகலை! உள்ள குளிக்கிறீங்களா, ஒளிஞ்சிருக்கீங்களா? சீட்டுப் போடுற முறை உங்களுது. வெளிய வாங்க!"

வாழ்க! குளியலறைத் தவம் புரிந்த அக்கோமான் வாழ்க! கடைவீதி முனையில் மூக்குக்கண்ணாடி விற்கும் குலவிளக்கே, கிட்டப்பார்வை தூரப்பார்வை இரண்டையும் கண்ட காட்சிக்கடலே, அடுத்தவர் கண்ணில் விழுந்த அணுவளவு தூசியையும் டார்ச்சடித்துத் துருவிக் காணும் தூயோனே, உன் புகழ் பாடப் புகுந்தோம். நாமகளே, எம் நாவில் வந்து அமர்க. ஞாயிற்றுக்கிழமை மதியம் என்று உறங்கிவிடாதே. இந்தப் போரும் அப்பொழுதுதான் நடந்தது.

போருக்குக் காரணம் மண்ணன்று, பெண்ணன்று, பொன்னுமன்று. ஒரு பால் பாத்திரம்.

வாரந்தோறும் மாமியார் வீட்டில் விருந்து. உண்டு முடித்ததும் உணவு மேசை துடைக்கப்பட்டு, சீட்டுக்கட்டு அவிழ்க்கப்பட்டு, போக்கர் எனும் பெரும்போர் தொடங்கும். அம்மாளிகையின் அரசியாகிய மாமியார் என்றோ ஒருநாள், முந்தானையில் கை துடைத்தபடி, கல்வெட்டில் பொறிக்கத்தக்க ஆணையொன்றை வழங்கியிருந்தார்: "சமைச்சது நான். சீட்டுல தோத்தவங்க பாத்திரம் தேய்ங்க." அம்மையார் ஆடமாட்டார், ஆனால் ஆட்டத்தை விட்டு அகலவும் மாட்டார். அடுப்பில் காப்பிக்குப் பால் வைத்துவிட்டு, யார் கையில் என்ன சீட்டு என்று எட்டிப்பார்க்க வருவார். பால் பொங்கும், வழியும், வற்றும், கருகும். ஆகவே வாரந்தோறும் தோற்றவனுக்கென்று, அமாவாசை இருளை அரைத்து அடியில் அப்பியதுபோல், கரிய பேரரக்கனாய் அந்தப் பால் பாத்திரம் தொட்டியில் காத்திருக்கும். தேய்ப்பவனின் நகக்கண்வரை கரி ஏறும். திங்கட்கிழமை கடைக்கு வருகிறவர்கள், "கண்ணாடிக் கடைதானே இது, மெக்கானிக் கடை இல்லியே?" என்று கேட்பார்கள். கேட்டார்கள். பலமுறை.

தோற்றவன் வாரந்தோறும் நம் கோமானே.

தோற்கடித்தவன் எவன்? அவனே சகலை, கோமானின் மனைவிக்குத் தங்கையைக் கைப்பிடித்தவன். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியின் ஆசான். பிறர் ஓட்டும் வண்டியிலும் தன் காலடியில் ஒரு பிரேக் வைத்திருப்பவன். அவன் மனைவி ஞாயிறு பணிக்குப் போகும் செவிலி. ஆதலால் அவனை அடக்குவாரில்லை. அவ்வீட்டுச் சீட்டு தர்மப்படி, எவர் கலைத்துப் போடுகிறாரோ அவர் சொல்வதே ஆட்டம். இதுவே சகலையின் பிரம்மாஸ்திரம். முதலில் ஹோல்டெம் என்றான்: கையில் இரண்டு சீட்டு, மேசையில் எல்லோருக்கும் பொதுவாய் ஐந்து. அதை நம் கோமான் ஒருவாறு கற்றுத் தேறிய வாரமே, "இன்னிக்கு ரேஸ்" என்றான். ஆனந்தக் கண்ணீர் மல்க மூன்று ராணிகளை மேசையில் இறக்கினான் கோமான். சகலையோ பல்லிளித்தான். "ரேஸ்ல மட்டமான சீட்டுதான் ஜெயிக்கும் சகலை. இதுகூடத் தெரியாதா?"

இதுகூடத் தெரியாதா! நச்சுக் கணையெனப் பாய்ந்த அந்த இரு சொற்களே நம் காவியத்தின் விதை. பாத்திரம் தேய்ப்பதைக்கூடப் பொறுக்கலாம். மனைவியின் எதிரில், மாமியாரின் எதிரில், கிளட்ச்சும் கியரும் தவிர வேறறியாத ஒருவன் வாயால் இதைக் கேட்டபின் உயிர் தரிக்கலாமோ?

கற்றான். பகைவன் அறிந்ததையெல்லாம் அறிவேன், அறியாததையும் அறிவேன் என்று சூளுரைத்துக் கற்றான். கண் பரிசோதிக்கும் இருட்டறையில், எழுத்துப் பலகை தொங்கவேண்டிய இடத்தில், சீட்டு வரிசைகளைப் பெரிதிலிருந்து சிறிதாக எழுதி மாட்டினான். நாற்காலியில் அமர்ந்து தாடையை முட்டுக்கொடுத்த வாடிக்கையாளர் ஒருவர் திணறினார்.

"மேல் வரி படிங்க."

"ராயல் ஃப்ளஷ்... சார், இது என்னங்க?"

"நாலாவது வரி?"

"ஃபுல் ஹவுஸ்னு மங்கலாத் தெரியுது."

"அது ஃப்ளஷ்ஷை ஜெயிக்குமா, தோக்குமா?"

"எனக்குப் படிக்கத்தான் சார் கண்ணாடி!"

இவ்வாறு ஒரு வாரம். முதல் மூன்று பொதுச் சீட்டுக்கு ஃப்ளாப் என்று பெயர், நான்காவது டர்ன், ஐந்தாவது ரிவர்; பணிந்து விலகுதல் ஃபோல்ட், பந்தயத்தை ஏற்றுதல் ரெய்ஸ், உள்ளதனைத்தையும் முன்தள்ளிச் சாவா வாழ்வா என்று நிற்றல் ஆல்-இன். அத்தனையும் நெஞ்சில் ஏறின. ஏறியவற்றுள் ஒன்று, ஒமாஹா எனும் அரிய ஆட்டத்தின் விதி ஒன்று, உறையிட்ட குறுவாளாய் அவன் இடுப்பில் ஒளிந்திருந்தது. அதைச் சகலை அறியான். அறியான் என்பதையும் கோமான் நன்கறிவான்.

குளியலறைக் கதவு திறந்தது. முகம் நனையவில்லை; எனினும் துண்டால் துடைத்துக்கொண்டு வந்தான், குகை நீங்கிய வேங்கையென.

களம் விரிந்திருந்தது. காசுக்குப் பதில் துணி காயப்போடும் கிளிப்புகள்: நீலம், மஞ்சள், சிவப்பு. எவர் கிளிப்பு முதலில் தீர்கிறதோ அவருக்கே அரக்கன். கோமானின் பக்கம் அவை வறண்ட குளத்து மீன்களாய் மெலிந்து கிடந்தன. சகலையின் பக்கம் ஓரளவு செழித்திருந்தன. இருவருக்கும் நடுவே, நாளெல்லாம் தொலைபேசியில் பிறர் புகார்களைப் பொறுமையாய்க் கேட்பதையே தொழிலாய்க் கொண்ட கோமானின் மனைவி, கிளிப்பு மலையொன்றை முழங்கையால் அணைத்தபடி ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள்.

கோமான் சீட்டைக் கலைத்தான். மேகங்கள் மோதியதுபோல் கட்டு சரசரத்தது. நிமிர்ந்தான், இடிமுழக்கினான்: "இந்த ஆட்டம், ஒமாஹா!"

"அவ்வளவுதானா? எனக்கு எப்பவோ தெரியும்," என்றான் சகலை. "கையில ரெண்டுக்குப் பதிலா நாலு. மத்ததெல்லாம் ஹோல்டெம் மாதிரிதான். போடுங்க."

கோமான் மறுக்கவில்லை. அவன் மீசைக்கடியில் ஒரு புன்னகை, புற்றுக்குள் பாம்பெனச் சுருண்டு படுத்தது.

ஆளுக்கு நான்கு சீட்டுகள் பறந்தன. தன் நான்கையும் விசிறிபோல் விரித்து, ஓரக்கண்ணால் நோக்கினான் கோமான். நோக்கியவன் மூச்சு நின்றது. எவை அந்தச் சீட்டுகள்? கேளாதீர். போர்க்களத்தில் உறைக்குள் இருக்கும் வாளின் நீளத்தை உரைப்பது கவியின் கடமையன்று. உருவப்படும் கணத்தில் நீவிரே காண்பீர்.

ஃப்ளாப் இறங்கிற்று: ஸ்பேட் ராஜா, ஸ்பேட் ஒன்பது, டைமண்ட் ஐந்து. கோமானின் காதுமடல் செங்கழுநீராய்ச் சிவந்தது. டர்ன் இறங்கிற்று: ஸ்பேட் ஏழு. சகலையின் நாற்காலி கிறீச்சிட்டு முன்னேறியது. சமையலறையில் பால் 'புஸ்' என்று ஒரு குரல் கொடுத்தது. செவிமடுப்பார் எவருமிலர், ஏனெனில் ரிவர் இறங்கிவிட்டது: ஸ்பேட் இரண்டு! மேசைமேல் நான்கு ஸ்பேடுகள், கருங்கொடி ஏந்திய நாற்படையென நின்றன.

"ரெய்ஸ்!" என்று கர்ஜித்தான் சகலை.

"ஆல்-இன்!" என்று எதிர்கர்ஜித்தான் கோமான். மெலிந்த மீன்களனைத்தும் நடுக்களம் பாய்ந்தன. கூடவே, வேட்டி உலர்த்தும் பெரிய மரக் கிளிப்பொன்றும் குலதெய்வம்போல் குதித்தது.

"ஏங்க, யோசிச்சுத்தான் வைக்கிறீங்களா?" என்றாள் மனைவி.

"எல்லாம் யோசிச்சாச்சு!"

"அப்ப சரி. நானும் வரேன்." ஆரஞ்சுச் சுளையொன்று வாய்க்குள் போயிற்று, கிளிப்புகள் ஒரு பிடி நடுவே விழுந்தன. சகலையும் ஈடுகொடுத்தான், அவன் பக்கம் ஓரிரு மஞ்சள் மட்டும் மிஞ்சின.

மாமியார் நாற்காலி முதுகைப் பற்றிக்கொண்டு, "காட்டுங்க, காட்டுங்க" என்றார்.

சகலை எழுந்தே நின்றுவிட்டான். கையிலிருந்த நான்கில் ஒன்றை மட்டும் உருவி, மேசை அதிர அறைந்தான். ஸ்பேட் ஏஸ்!

"மேசையில நாலு ஸ்பேடு, எங்கிட்ட ஏஸ். அஞ்சாச்சா? ஃப்ளஷ்! அதுலயும் பெரிய ஃப்ளஷ்! சகலை, கையில கரி படாம இருக்க இந்த வாரம் ஒரு கையுறை வாங்கியிருக்கலாமே நீங்க!"

கேளீர், கேளீர்! இக்கணத்தில் நம் கோமான் செய்யவேண்டியிருந்தது ஒன்றே: வாய் பேசாமல் தன் சீட்டை மேசைமேல் வைப்பது. ஆனால் கற்ற கல்வி தொண்டைக்குழியில் திரண்டு நின்றது. ஒரு வாரத் தவம், எழுத்துப் பலகைத் தவம், கவிழ்த்த வாளித் தவம், அனைத்தும் கிளர்ந்தெழுந்து, "இதுகூடத் தெரியாதா" எனும் அம்பைத் திருப்பி எய்யக் கை துடித்தது. எழுந்தான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினான். பிரகடனம் செய்தான்:

"ஒமாஹாவில் கையிலிருந்து இரண்டு சீட்டு. சரியாக இரண்டு. ஒன்றும் கூடாது, மூன்றும் கூடாது. மேசையிலிருந்து மூன்று. ஒற்றை ஏஸை வைத்து ஃப்ளஷ் கட்ட எந்த விதியும் இடம் தராது. இதுகூடத் தெரியாதா, சகலை?"

அண்டம் நடுங்கிற்று. குறைந்தபட்சம் சர்க்கரை டப்பா நடுங்கிற்று.

"புதுசா ரூல் விடாதீங்க!"

"விடுகிறேனா? பாருங்கள் கைப்பேசியில்!"

மனைவி ஆரஞ்சுக் கையைத் துடைத்துவிட்டு, கைப்பேசியை எடுத்து, படித்து, தலையாட்டினாள். "கரெக்ட்தான். கையில இருந்து ரெண்டு. கட்டாயம் ரெண்டு."

சகலையின் முகம் பஞ்சரான டயராய்த் தொய்ந்தது. மாமியார் தீர்ப்பளித்தார்: "ரூல்னா ரூல்தான். பெரிய மாப்பிள்ளை சொன்னபடியே எல்லாருக்கும்."

"எல்லாருக்கும்!" என்று ஆமோதித்தான் கோமான், கைகளை அகல விரித்து, திக்கெட்டும் கேட்க.

"அப்படின்னா எங்கிட்ட ரெண்டு ஸ்பேடு இருக்குங்க," என்றாள் மனைவி. மூன்றும் ஆறும், இரண்டு அற்பச் சிப்பாய்கள், மேசைமேல் வந்து நின்றன. "மேசையில இருந்து மூணு. அப்ப இது ஃப்ளஷ்தானே?"

நகைத்தான் கோமான். மனைவியின் பேதைமைக்கு இரங்கியும், அவளையும் இன்று வென்றாகவேண்டிய தன் விதியை எண்ணிப் பூரித்தும், மதயானை பிளிறினாற்போல் நகைத்தான். "ஃப்ளஷ் எம்மாத்திரம்! ஃபுல் ஹவுஸும் எம்மாத்திரம்! அவற்றின் முடிமேல் கால்வைத்து நடப்பது எதுவோ, அது வருகிறது. விலகி நில்லுங்கள்!"

இதோ, வாள் உருவப்பட்டது. ஒவ்வொன்றாய் இறக்கினான்: ஆர்ட்டின் ராஜா. டைமண்ட் ராஜா. கிளாவர் ராஜா. நான்காவதாகக் கையில் கிடந்த ஏதோவொரு நாலாம் நம்பர் துரும்பை அலட்சியமாய்ச் சுண்டியெறிந்துவிட்டு, மேசைமேல் கிடந்த ஸ்பேட் ராஜாவின் தலையில் விரல் வைத்து முழங்கினான்: "நான்கு ராஜாக்கள்!"

கருகும் வாசனை கூடத்துக்குள் மெல்ல நடந்து வந்தது.

மனைவி, புகார் சொல்லும் வாடிக்கையாளரிடம் பேசும் அதே மெல்லிய குரலில் கேட்டாள்: "ஏங்க, கையில இருந்து ரெண்டுதானே எடுக்கலாம்? நீங்க மூணு எடுத்திருக்கீங்களே?"

கோமானின் விரல் ஸ்பேட் ராஜாவின் தலையிலேயே இருந்தது.

"அப்ப மூணு ராஜாதான்," என்றார் மாமியார். "ஃப்ளஷ் அதைவிடப் பெருசுதானே, மாப்பிள்ளை? நீங்கதான் இவ்வளவு நேரமும் பாத்ரூம்ல சொல்லிட்டு இருந்தீங்களே."

சகலை மேசையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தான். "ஐயோ சகலை! நீங்க சொல்லலைன்னா அந்த ரூல் இந்த வீட்ல யாருக்குத் தெரியும்? வாயத் திறக்காம சீட்டை மட்டும் போட்டிருந்தா, நாலு ராஜான்னு நாங்களே கும்பிட்டிருப்போமே!"

கண்ணாடிக் கடைக்காரர் சட்டைக் கையை மடித்து விட்டுக்கொண்டு, பால் பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி ஊற வைத்தார்.