தொர குடுத்த அடுப்பும் கடைப் பணிஸும்

கிட்ட வந்து உக்காருங்க. நான் என் வாயாலயே கெட்ட கத இது, சத்தமாச் சொல்ல முடியாது.

அன்னைக்கு எனக்கு ஒரே ஒரு வேலதான். கலஹா பஜாருக்குப் போயி அம்பது பணிஸ், அதான் பன்னு, வாங்கிட்டு வரணும்.

எதுக்குன்னா, கொழும்புக் கம்பெனி ஒண்ணு நம்ம தோட்டத்துப் பிள்ளைங்க பேக்கரி வேல பழகட்டும்னு ஆள் உசரத்துக்கு ஒரு கரண்ட் அடுப்புக் குடுத்துச்சு. என் மருமக சாந்தியும் அந்த வகுப்புலதான். சர்டிபிகேட் கெடைச்சா கண்டி ஹோட்டல் ஒண்ணுல அவளுக்கு வேல.

ஆனா வகுப்பு நடக்குற தோட்டத்து ஹோல்ல இருக்குற கரண்ட் அந்த அடுப்புக்குப் பத்தல. பெரிய லைன் இழுக்கணும். கம்பெனிக்குப் போன் பண்ணிக் கேட்டா, "அடுப்புக்குத்தான் ஒதுக்கினது, வயருக்கு இல்ல"ன்னு ஒரு புள்ள சொல்லிட்டு வச்சிருச்சு. மூணு மாசமா மாவு பெசஞ்சது மட்டுந்தான் படிப்பு.

இந்த நேரம் பாத்து அந்தக் கம்பெனித் தொரைங்க வகுப்பப் பாக்க வர்றாங்க. டீச்சரு பயந்துட்டாங்க.

"அடுப்பு சும்மா கெடக்குன்னு தெரிஞ்சா தூக்கிட்டுப் போயிருவாங்கம்மா. வகுப்பையும் மூடிருவாங்க. கடையில வாங்கி, நாங்க சுட்டதுன்னு வச்சிருவோம்."

சரின்னு போனேன். பேக்கரியில வெள்ளச் சட்ட போட்ட ரெண்டு பேரு டீ குடிச்சுக்கிட்டு இருந்தாங்க.

"என்னம்மா, இவ்வளவு பணிஸ்? வீட்ல விசேஷமா?"ன்னாரு ஒருத்தரு.

மரியாதையாக் கேட்ட மனுசனுக்கு மரியாதையாச் சொல்லணுமில்ல?

"விசேஷமெல்லாம் இல்லங்க. கொழும்புத் தொரைங்க வர்றாங்களாம். அடுப்பு வேல செய்யல. இதக் காட்டி, பிள்ளைங்க சுட்டதுன்னு சொல்லப் போறோம். அவங்களுக்கு என்ன தெரியப் போகுது?"

அவரு சிரிச்சாரு. நானும் சிரிச்சேன். "இன்னொரு டீ குடிங்க"ன்னு உபசாரம் வேற.

பஸ் வரச் சொணங்கிருச்சு. ஹோலுக்குள்ள நொழஞ்சா, மால போட்டுக்கிட்டு முன் வரிசக் கதிரையில உக்காந்திருக்காரு அந்த டீ குடிச்ச மனுசன்.

அவரு என்னப் பாக்குறாரு, பையப் பாக்குறாரு. நான் தூணப் பாக்குறேன்.

"வாங்கம்மா. பணிஸ் சூடா இருக்கா?"

டீச்சரு மொகம் வெளுத்துப் போச்சு. சாந்தி ஓடி வந்து காதுல கேட்டா, "அத்தே, அவருகிட்ட என்ன சொன்னீங்க?"

"எல்லாத்தையும்"னேன்.

ஒரு பெருமூச்சு விட்டா. பைய வாங்கித் தட்டுல அடுக்கி, நேரா தொரகிட்டயே போயிட்டா.

"சாப்பிடுங்க சார், கடைப் பணிஸ்தான். எங்க பணிஸ் சுடணும்னா நீங்க வந்து சுவிட்ச் போடணும். குடுத்த கைதானே மொதல்ல தொடணும்?"

தொர என்னைய ஓரக்கண்ணால பாத்தாரு. "வேல செய்யலன்னு யாரோ சொன்னாங்களே?"

"யாரு சொன்னாலும் நம்பாதீங்க சார். நீங்களே பாருங்க."

போட்டோ புடிக்கிற ஆளும் தயாரா நிக்குறாரு. தொர எந்திரிச்சுப் போயி சுவிட்சப் போட்டாரு.

பொக்குனு ஒரு சத்தம். லைட்டு போச்சு, பேன் நின்னுச்சு, மைக்கு செத்துச்சு. பக்கத்துத் தையல் கடையிலருந்து ஒரு கொரல்: "எந்த நாசமாப் போனவன்டா சுவிட்சத் தொட்டது?"

தொர கைய எடுக்கவே இல்ல. அதையும் போட்டோக்காரரு புடிச்சாரு.

சாந்தி கம்பெனி செலவுல பெரிய லைன் கேக்குற விண்ணப்பத்த அடுப்பு மேல விரிச்சு வச்சா. பேனா மூடியக் கழட்டி, தொர கையில குடுத்தா.