பத்து லட்சத்து ஒன்று பிரியுமா?

ஜமுனாமரத்தூருக்கு மலையேறும் பஸ்ஸில் தசரதனுக்கு வியர்த்துக் கொட்டியது. மறுபடியும் வகுத்துப் பார்த்தான். பத்து லட்சத்து ஒன்றை நூற்றொன்றால் வகுத்தால் ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்து ஒன்று. மீதி பூஜ்யம்.

ஆலங்காயத்தில் பெண் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தான். பெண் அம்சவல்லி கணக்கு டீச்சர் என்று தரகர் காசி சொல்லியிருந்தார். வனத்துறை குமாஸ்தாவான தசரதன், சிநேகிதன் ஒருவன் சொல்லிக்கொடுத்ததை அங்கே எடுத்து விட்டான்.

"பத்து லட்சத்து ஒண்ணு பகா எண்ணுங்க. எதால வகுத்தாலும் பிரியாது."

"ஆமாங்க" என்று அம்சவல்லி தலைகுனிந்தாள்.

அந்த மகிழ்ச்சியில் பஸ்ஸில் ஒவ்வொரு எண்ணாக வகுத்துக்கொண்டே வந்ததுதான் வினை. சிநேகிதன் சொன்னது பத்து லட்சத்து மூன்று என்பது இப்போதுதான் நினைவுக்கு வந்தது.

டீச்சர் கண்டுபிடிப்பதற்குள் முந்திக்கொள்ள நினைத்து, இறங்கியதும் தந்தி கொடுத்தான். சிக்கனமாக: 'ஒன்று தவறு. மூன்றே சரி. மன்னிக்கவும்.'

மறுநாள் காசி மூச்சிரைக்க வந்தார்.

"இன்னா சார் தந்தி குடுத்தீங்க? ஒரு பொண்டாட்டி பத்தாதாம், மூணு வேணுமாம்னு பொண்ணோட அப்பா கோபால்சாமி குதிக்கிறாரு."

"ஐயோ, அது நம்பருங்க. பிரியாதுன்னு சொன்னேன் இல்ல? அது பிரியும். அத மட்டும் சொல்லிடுங்க."

"இவ்ளோதானா? நான் பாத்துக்கறேன்."

காசி அப்படியே போய்ச் சொன்னார். சாயங்கால பஸ் கண்டக்டர் பதில் கொண்டுவந்தார்.

"தாலி கட்டறதுக்கு முன்னாலயே பிரியும்னு சொல்ற ஆளுக்குப் பொண்ணு இல்லியாம் சார். வாசப்படி மிதிக்க வேணாம்னு சொல்லச் சொன்னாரு."

விடிந்ததும் தசரதன் ஆலங்காயத்துக்கு இறங்கினான். கோபால்சாமி வாசலிலேயே கையைக் கட்டிக்கொண்டு நின்றார். உள்ளே விசும்பல் கேட்டது.

"நான் பிரியும்னு சொன்னது அந்தப் பத்து லட்சத்து ஒண்ணத்தாங்க. கல்யாணத்த இல்ல."

கோபால்சாமி அசையவில்லை.

தசரதன் கை கூப்பினான். "எனக்குக் கணக்கே வராதுங்க. எஸ்.எஸ்.எல்.சி.ல முப்பத்தஞ்சுதான். டீச்சருக்குப் புடிக்கட்டும்னு எவனோ சொன்னத ஒப்பிச்சேன். அதையும் தப்பா ஒப்பிச்சிட்டேன். இதுக்கு மேல உங்க இஷ்டம்."

உள்ளே விசும்பல் சட்டென்று நின்றது. கோபால்சாமியின் கைகள் தாமாகத் தளர்ந்தன. "உக்காருங்க மாப்ள" என்றார்.

மாப்பிள்ளை என்ற சொல் காதில் விழுந்த பிறகுதான் தசரதனுக்கு மூச்சு வந்தது.

அம்சவல்லியின் அம்மா சுந்தரம்மாள் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள்.

"நல்ல வேள சொன்னீங்க தம்பி. எங்க பொண்ணு தையல் டீச்சருங்க, நீங்க கணக்குல புலின்னு காசி சொன்னத நம்பிக்கினு அன்னியிலேர்ந்து ஏழாங்கிளாஸ் பொஸ்தகத்த வச்சிக்கினு அழுவுது."