நிச்சயமாகவா?

கம்பெனியில் கணக்குப் பார்க்கும் மேடத்துக்குப் பொறுமை போய்விட்டது. ஒரு பில்லைச் சேமித்தால் போதும், திரையில் ஒரு பெட்டி எட்டிப் பார்க்கும். 'நிச்சயமாகவா?' ஆமாம் என்று தட்டினால்தான் வழி விடும். மாமியார்கூட அவரை இத்தனை தடவை கேள்வி கேட்டதில்லை.

சிஸ்டம் பார்க்கிற தம்பி லீவில் போகும்போது அட்மின் பாஸ்வேர்டை அவரிடம்தான் கொடுத்திருந்தான். "அவசரம்னா மட்டும் தொடுங்கக்கா" என்று கெஞ்சாத குறை. இதைவிட என்ன அவசரம் வேண்டும்? செட்டிங்ஸுக்குள் போனார். பெட்டிக்கு நேராக இருந்த டிக்கை எடுத்தார். பெட்டி ஒழிந்தது.

'என் விருப்பங்கள்' பக்கத்தில் செய்ய வேண்டியதை 'அனைவரின் விருப்பங்கள்' பக்கத்தில் செய்துவிட்டோம் என்று தெரிந்தது, ஸ்டோர்கீப்பர் தலைதெறிக்க ஓடி வந்தபோதுதான்.

"மேடம்! லாரி லாரியா கதவுக்கீல் வரப்போகுது!"

"ஐயோ, யாரு ஆர்டர் போட்டது?"

"நான்தான். ஆனா நான் போடலை!"

"என்ன உளர்றீங்க?"

"எப்பவும் ஒரு நம்பரைப் போட்டு ஆர்டரைத் தட்டுவேன். பெட்டி வந்து மொத்த விலையைக் காட்டி, நிச்சயமாகவான்னு கேக்கும். விலையைப் பாத்துக்கிட்டு, இல்லைன்னு தட்டிடுவேன். இன்னைக்கு அது கேக்கவே இல்லை மேடம்!"

"விலை பாக்க கால்குலேட்டர் கிடையாதா?"

"பெட்டி இருக்கும்போது அது எதுக்கு?"

மேடம் பதறிப்போய் டிக்கைத் திரும்ப வைத்தார். நாளைக் காலை முதல்தான் அமலுக்கு வரும் என்றது திரை. எடுக்கும்போது மட்டும் உடனே எடுத்துக்கொண்டதே, படுபாவி!

அதுவரை யாரும் எதையும் தட்டித் தொலைக்கக் கூடாது. தேடிப் பிடித்து, 'எல்லாமே அட்மின் ஒப்புதலுக்குப் பிறகே' என்பதை அழுத்தினார். அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் போன் அலறியது.

"மேடம், லேபிள் பிரிண்ட் ஆகலை. உங்க ஒப்புதல் வேணுமாம்." பேக்கிங் ஆள்.

"மேடம், லோடு ஏத்தியாச்சு, கேட் பாஸ் வரலை. டிரைவர் கத்துறாரு." டெஸ்பாட்ச்.

திரையில் கோரிக்கைகள் மளமளவென்று இறங்கின. ஒவ்வொன்றாகப் படித்தால் பொழுது விடிந்துவிடும். 'அனைத்துக்கும் ஒப்புதல்' என்று ஒரு பட்டன் இருந்தது. மேடம் அதைப் போட்டுத் தட்டினார். அந்தப் பட்டனும் நிச்சயமாகவா என்று கேட்கவில்லை.

லாரி கிளம்பிப் போன சத்தம் கேட்டது. மேடத்துக்கு உயிர் வந்தது. அப்போதுதான் மாடியிலிருந்து மேனேஜர் இறங்கி வந்தார்.

மேனேஜர் கீழே இறங்கினாலே யாருக்கோ சீட்டுக் கிழியப் போகிறது என்று அர்த்தம். போதாக்குறைக்குக் காலையில்தான் போனில் முதலாளியிடம் செமத்தியாக வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தார். மேடம் எழுந்து நின்றார்.

"பெட்டியை எடுத்தது நீங்களாம்மா?"

"தெரியாம பண்ணிட்டேன் சார். வீட்டுக்காரருக்கும் வேலையில்லை. என் வேலையை மட்டும்..."

"அது கிடக்கட்டும். ஒப்புதல்... எல்லாத்துக்குமா குடுத்தீங்க?"

"எல்லாத்துக்கும் சார்."

"ஒண்ணு விடாம?"

"ஒண்ணு விடாம."

மேனேஜர் பேயறைந்தவர் மாதிரி நாற்காலியில் உட்கார்ந்தார். கர்ச்சீஃப் எடுத்து, துடைத்த இடத்தையே துடைத்தார். திட்டினால்கூடத் தாங்கலாம், இது என்ன கூத்து என்று மேடம் அரண்டுபோனார்.

"ரத்து பண்ண முடியாதாம்மா?"

"முதலாளி லாகின்ல இருந்து பண்ணலாமாம் சார். கவலைப்படாதீங்க, அவர் வர்ற நேரம்தானே? வந்ததும் நானே கால்ல விழுந்து கேட்டுக்கறேன்."

"வேண்டாம்!" மேனேஜர் கத்தினார். "அவரை வர வேண்டாம்னு சொல்லுங்க!"

"என் வேலை போயிடுமா சார்?" மேடம் அழவே ஆரம்பித்துவிட்டார்.

"உங்க வேலையா? உங்க வேலைக்கு என்னம்மா... திட்டு வாங்குறப்பல்லாம் நானும் கோவத்துல ஒண்ணைத் தட்டிட்டு, பெட்டி கேட்டதும் இல்லைன்னுடுவேன்..."

அவர் முடிப்பதற்குள் வாட்ச்மேன் வாசலில் வந்து நின்றார்.

"மேனேஜர் சார், முதலாளி வெயில்ல நிக்கிறாரு, கார்டைத் தேச்சா கேட் திறக்கலை. நீங்க அவரை வேலையை விட்டுத் தூக்கிட்டதா மெஷின்ல வருதுங்க."