வான் இல்லாத வான் ஷெட்

எங்கள் ஊர்ப் பக்கத்தில் வீட்டுக்கு வருகிறவர் "எனக்கு ஒன்றும் வேண்டாம்" என்று சொன்னால், தேநீருக்கு அடுப்பில் கேத்தில் ஏற வேண்டும் என்று அர்த்தம். இரண்டாம் முறை வேண்டாம் என்றால் பிஸ்கற்றும் வைக்க வேண்டும். மூன்றாம் முறையும் வேண்டாம் என்று எழும்பினால், மதியச் சாப்பாட்டுக்கே ஆளை மறித்துவிட வேண்டும். கிளிநொச்சியில் வளர்ந்த யாருக்கும் இதைச் சொல்லித்தரத் தேவையில்லை. கொழும்பிலிருந்து வருகிற கடிதத்தையும் இதே மாதிரித்தான் வாசிக்க வேண்டும் என்று நம்பியது என் பிழை. பதினான்கு வருடம் பத்திரிகையில் வேலை செய்தவள் நான். எழுதியிருப்பதை எழுதியிருக்கிறபடி வாசிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் தந்தார்கள். (திருப்பிக் கேட்டால் கொடுக்க மாட்டேன்.)

கிளிநொச்சிக்கு அப்பால், அக்கராயனில் ஒரு சின்னச் சங்கம் இருக்கிறது. பதினொரு அங்கத்தவர்கள். எல்லாரும் முள்ளந்தண்டில் காயப்பட்டு, இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் சக்கர நாற்காலியில் வாழ்கிறவர்கள். அப்படி இருப்பவர்களுக்கு வருகிற பெரிய தொல்லை படுக்கைப் புண். ஒழுங்காக மருந்து கட்டாவிட்டால் அது எலும்புவரை போகும். மருந்து கட்டுகிற கிளினிக் இருப்பதோ கிளிநொச்சி ரவுணில். பஸ்ஸில் சக்கர நாற்காலி ஏறாது. ஓட்டோவில் காலை நீட்டிப் படுக்க முடியாது. ஆகவே வயல் உழுகிற இரண்டு சில்லு இயந்திரமான லான்ட்மாஸ்ரரில் பெட்டியைப் பூட்டி, மெத்தை போட்டு, ஆளைத் தூக்கிக் கிடத்தி, குழி விழுந்த ரோட்டால் கொண்டுபோவார்கள். மருந்து கட்டப் போனவர் புண்ணைப் பெரிதாக்கிக்கொண்டு திரும்புவார். அந்தப் பயணத்துக்குப் பயந்து இரண்டு மாதம் கிளினிக்குக்குப் போகாமல் இருந்த கறுப்பையா ஐயா, பிறகு ஆறு கிழமை ஆஸ்பத்திரியில் குப்புறக் கிடந்தார்.

அவர்களுக்குத் தேவைப்பட்டது ஒன்றே ஒன்று. பின்பக்கம் சாய்தளம் வைத்த முச்சக்கர வண்டி. நாற்காலியோடு உருட்டி ஏற்றலாம், உருட்டி இறக்கலாம்.

கொழும்பில் ஒரு நன்கொடை நிறுவனம் இப்படியான சங்கங்களுக்கு உதவி செய்வதாகக் கேள்விப்பட்டு, செயலாளர் மகேஸ்வரி படிவத்தைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தா. மகேஸ்வரியின் கணவரும் பதினொருவரில் ஒருவர். "அக்கா, உங்களுக்கு எழுத்து வரும்தானே" என்றா. அந்தச் சொல்லில் நான் விழுந்தேன்.

இருபத்திரண்டு பக்கப் படிவம். அதை நிரப்புவதற்காகச் சங்கத் தலைவர் சிவராசா அண்ணையிடம் போய் இருந்தேன். முந்தி உழவு இயந்திரம் திருத்தியவர். இப்போது நாற்காலியில் இருந்தபடி ஊரிலுள்ள தண்ணீர்ப் பம்புகளைத் திருத்துகிறார். சில்லறைக் கதை கதைக்காத மனிதர்.

"அண்ணை, 'இத்திட்டத்தின் மூலம் மாற்றம் நிகழும் விதத்தை வரைபடத்தால் விளக்குக' எண்டு கேட்டிருக்கினம்."

"ஓட்டோ வரும். ஆஸ்பத்திரிக்குப் போவம். இதுக்கென்ன படம்?"

நான் ஆறு பெட்டியும் ஒன்பது அம்புக்குறியும் கீறினேன்.

"'திட்டக் காலம் முடிந்த பின்னரும் இது எவ்வாறு நிலைத்து நிற்கும்?'"

"மூண்டு சில்லிலை நிக்கும். எழுது."

எழுதவில்லை. 'சமூகப் பங்களிப்புடன்' என்று தொடங்கி ஒரு பந்தி எழுதினேன். அந்தப் பந்தியில் என்ன இருந்தது என்று இன்றைக்குக் கேட்டால் எனக்குத் தெரியாது. ஆனால் விண்ணப்பம் முதல் சுற்றில் தெரிவாகிவிட்டது. கடிதம் வந்தது. இரண்டு அலுவலர்கள் நேரில் பார்க்க வருகிறார்கள். கடைசியில் இரண்டு வரி: 'எமது வருகைக்காக விசேட ஏற்பாடுகள் எதுவும் செய்ய வேண்டாம். உங்களது வழமையான ஒரு நாளையே காண விரும்புகிறோம்.'

மகேஸ்வரி உருகிப்போனா. "எவ்வளவு பண்பான ஆக்கள், பாத்தீங்களே அக்கா! ஒண்டும் வேண்டாம் எண்டு வேறை எழுதியிருக்கினம்."

அரை மணித்தியாலத்தில் பட்டியல் தயார். பொதுநோக்கு மண்டபத்துக்கு முன்னால் பந்தல். கோவிலிலிருந்து நூறு கதிரை. மாலை, பொன்னாடை, குத்துவிளக்கு. முன்பள்ளிப் பிள்ளைகளின் வரவேற்பு நடனம். வடை, ரோல்ஸ், சோடா. மத்தியானம் ஐந்து கறியோடு சாப்பாடு.

சிவராசா அண்ணை மட்டும் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"பிள்ளை, அவை வழமையான நாளைப் பாக்கவேணும் எண்டல்லோ எழுதியிருக்கினம். என்னை லான்ட்மாஸ்ரரிலை தூக்கிப் போடுறதை ஒருக்காக் காட்டிவிட்டால் கதை முடிஞ்சுது."

இந்த இடத்தில் நான் ஒரு பிரசங்கம் வைத்தேன். பத்திரிகையில் இருந்த காலத்தில் எங்கள் சனத்தின் அழுகிற முகங்களை எத்தனை படமாகப் போட்டிருக்கிறேன், இனி ஒருவரையும் அப்படிக் காட்சிப்பொருளாக்க விடமாட்டேன், உதவி கேட்டாலும் நிமிர்ந்து நின்று கேட்க வேண்டும் என்றெல்லாம். (நிமிர்ந்து நிற்கச் சொன்னது யாரிடம் என்பதைக் கவனிக்க.)

அண்ணை பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "என்ரை மானத்தை நான் பாத்துக்கொள்ளுறன். நீ வாகனத்தை எடுத்துத் தா."

அந்த வசனத்தை நான் அன்றைக்கே காதில் வாங்கியிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை.

இப்போது ஒரு சிக்கல். பதினொரு பேரும் பதினொரு மூலையில் இருக்கிறார்கள். எல்லாரையும் மண்டபத்துக்கு எப்படிக் கொண்டுவருவது? வாகனம் இல்லாததுதானே எங்கள் பிரச்சினை. அதைத் தீர்த்துவைத்த அறிவாளியும் நான்தான். வவுனியாவில் எனக்குத் தெரிந்த ஒரு பராமரிப்பு இல்லத்தில் சாய்தளம் வைத்த பெரிய வெள்ளை வான் நின்றது. ஒரு நாளைக்கு இரவல் கேட்டேன். அவர்களும் கழுவித் துடைத்து, சாரதியோடு அனுப்பிவைத்தார்கள்.

அன்று காலையில் வான் இரண்டு தரம் ஓடிப் பதினொரு பேரையும் கொண்டுவந்து சேர்த்தது. அதற்குள் மகேஸ்வரி கையில் பதாகையோடு மண்டபத்தைச் சுற்றிக்கொண்டு நின்றா. சங்கத்தின் பெயரைப் பெரிய எழுத்தில் அடித்த பதாகை. சுவரில் ஆணி இறங்கவில்லை. பந்தல் கம்பத்தில் கட்டினால் காற்றுக்குச் சுருண்டது.

"அக்கா, வானின்ரை பக்கத்திலை கட்டினால் என்ன? நல்ல அகலமாயிருக்கு."

நான் நாலு அடி பின்னால் போய், கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன். வெள்ளைப் பின்னணியில் நீல எழுத்து எடுப்பாக இருந்தது. "கட்டுங்கோ" என்றேன். அதோடு நில்லாமல், வந்தவர்கள் இறங்கியதும் முதல் படத்தை அதற்கு முன்னால்தான் எடுப்பித்தேன். ஒரு பெரியவரும் ஒரு இளம் பெண் அலுவலரும் மாலையோடு நடுவில். இரு பக்கமும் பதினொரு சக்கர நாற்காலிகள். பின்னால் பளபளவென்று வான், அதன் விலாவில் சங்கத்தின் பெயர். படம் அருமையாக வந்தது. முதல் பக்கத்துக்கே போடலாம்.

பிறகு ஒலிவாங்கி என் கைக்கு வந்தது. நிகழ்ச்சி நிரலில் பதினாறு நிகழ்ச்சிகள். தலைவர் உரை பதினைந்தாவது. (தலைவர் கடைசியில் பேசுவதுதான் மரியாதை.) விளக்கேற்றல், தேவாரம், மௌன அஞ்சலி, வரவேற்பு நடனம், வரவேற்புரை, அதன் பிறகு என் தொகுப்புரை. நடனம் முடிந்ததும் பிள்ளைகள் ஒருவரும் சொல்லாமலே இன்னொரு தரம் ஆடினார்கள்.

பெரியவர் நல்ல மனிதர். இடைவெளி கிடைத்தபோது எழும்பிப்போய் அங்கத்தவர்களோடு கதைத்தார். அவர் ஆங்கிலத்தில் கேட்க, அலுவலர் தமிழில் சொன்னா. முதலில் போனது கறுப்பையா ஐயாவிடம். மலையகத்திலிருந்து குடும்பத்தோடு வந்து வன்னியில் குடியேறியவர். பொய் சொல்லத் தெரியாதவர்.

"ஐயா, நீங்க எப்பிடி இங்க வந்தீங்க எண்டு கேக்கிறார்."

"வேன்லதாங்க வந்தேன். வீட்டு வாசலுக்கே வந்திச்சிங்க. சொகமா இருந்திச்சி."

"ஏறி இறங்கக் கஷ்டம் ஒண்டும் இல்லையா?"

"ஒரு கஷ்டமும் இல்லீங்க. அப்பிடியே தள்ளி ஏத்திட்டாங்க."

பெரியவர் தலையாட்டிக் குறிப்பெடுத்தார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி ஏதோ சொன்னார். அலுவலர் மொழிபெயர்த்தா: "உங்கட போக்குவரத்து ஒழுங்கு மிகச் சிறப்பா இருக்கு எண்டு சொல்லுறார்."

நாங்கள் கைதட்டினோம். நான்தான் தொடங்கினேன்.

கூட்டத்துக்குள்ளிருந்து சிவராசா அண்ணையின் குரல் வந்தது. "ஒரு நிமிசம். நான் ஒரு விசயம் சொல்லவேணும்."

ஒலிவாங்கி என்னிடம் இருந்தது. "தலைவர் உரை பின்னுக்கு இருக்கு அண்ணை. இப்ப பொன்னாடை" என்றேன்.

பொன்னாடை முடிந்தது. வடை வந்தது. ஒன்பதாவது நிகழ்ச்சியின் போது பெரியவர் மணிக்கூட்டைப் பார்த்தார். முல்லைத்தீவில் இன்னொரு சங்கத்தைப் பார்க்க வேண்டுமாம். சாப்பாட்டையாவது சாப்பிட்டுப் போங்கோ என்று நாங்கள் மறிக்க, அவர்கள் மறுக்க, கடைசியில் ஐந்து கறியும் பார்சலாக வாகனத்தில் ஏறியது. தலைவர் உரை நிகழவில்லை.

புழுதி அடங்கியதும் அண்ணை நாற்காலியை உருட்டிக்கொண்டு என் முன்னால் வந்தார். வானைப் பார்த்தார். அதிலிருந்த எங்கள் பெயரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"பிள்ளை, உது ஆரின்ரை வான்?"

"வவுனியா இல்லத்தின்ரை."

"அது எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும். அந்த மனிசனுக்குத் தெரியுமோ?"

எனக்கு உறைத்தது அப்போதுதான்.

அன்று பின்னேரமே விளக்கக் கடிதம் எழுதினேன். இரண்டு தரம் தொலைபேசியும் எடுத்தேன். நேரில் பார்த்த அறிக்கையைக் கடிதத்தால் மாற்றுகிற வழக்கம் தங்களிடம் இல்லை என்று மிக மரியாதையாகச் சொன்னார்கள். அவர்களைக் குறைசொல்ல முடியாது. கண்ணால் பார்த்தது வான். கையில் இருந்த படம் வான். பயனாளியே வாயால் சொன்னதும் வான்.

ஒன்றரை மாதத்தில் முடிவு வந்தது. சங்கத்திடம் ஏற்கெனவே தகுந்த வாகனம் இருப்பதால் முச்சக்கர வண்டிக்கான கோரிக்கை ஏற்கப்படவில்லை. ஆயினும் சங்கத்தின் ஒழுங்கமைப்பை மெச்சி, அந்த வாகனம் வெயிலிலும் மழையிலும் நிற்பதைக் கருத்திற்கொண்டு, அதற்கு ஒரு தரிப்பிடம் அமைத்துத் தர அங்கீகரித்திருக்கிறார்கள்.

மகேஸ்வரி கடிதத்தை இரண்டு தரம் சத்தமாக வாசித்தா. "ஓட்டோ கேட்டம். ஷெட் தந்திருக்கினம்." பிறகு என்னைப் பார்க்காமல், "நல்ல ஆக்கள்தான்" என்றா.

வேண்டாம் என்று எழுதலாம் என்றேன். 'வேண்டாம்' என்ற சொல்லை வைத்து இனி ஒரு வேலையும் செய்ய வேண்டாம் என்று அண்ணை சொல்லிவிட்டார். நிறுவனத்தார் தாங்களே ஆள் வைத்து, அண்ணையின் வீட்டுக்குப் பக்கத்தில் கட்டினார்கள். சீமெந்துத் தளம், தகரக் கூரை, பெரிய வானொன்று திரும்பக்கூடிய அகலம். அந்த வீதியிலேயே மிக உறுதியான கட்டடம் அதுதான். உள்ளே ஒன்றும் இல்லை. சனம் சும்மா இருக்குமா? ஒரு மாதத்துக்குள் பஸ் கொண்டக்டர் "வான் ஷெட் இறக்கம்!" என்று கூப்பிடத் தொடங்கினார். புதிதாக வருகிறவர்கள் இறங்கி, எட்டிப் பார்த்து, வான் எங்கே என்று கேட்பார்கள். அண்ணை பம்பைத் திருத்தியபடியே சொல்வார்: "கிளிநொச்சியிலை ஒரு அக்கா இருக்கிறா. அவாவைக் கேளுங்கோ."

அந்த மாரிக்குக் கறுப்பையா ஐயா மறுபடியும் லான்ட்மாஸ்ரரில்தான் போனார். மழைக்குத் தறப்பாள் போர்த்தியிருந்தது. நான் ரவுணில் பஸ்ஸுக்கு நிற்கையில் அந்தப் பெட்டி என்னைக் கடந்து போயிற்று. தறப்பாளுக்குக் கீழேயிருந்து ஒரு கை நீண்டு எனக்கு வணக்கம் சொன்னது. அவருக்கு என்மேல் கோபமே இல்லை. திட்டியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

அடுத்த வருடம் ஒருநாள் பஸ்ஸில் அக்கராயன் பக்கம் போனேன். ஷெட்டுக்குள் பச்சை நிறத்தில் ஒரு முச்சக்கர வண்டி நின்றது. பின்பக்கம் சாய்தளம். அவ்வளவு பெரிய ஷெட்டுக்குள் அது, தகப்பனின் சட்டையைப் போட்ட சின்னப் பிள்ளை மாதிரி நின்றது. இறங்கி ஓடினேன்.

"எப்ப வந்தது? ஆர் தந்தது? ஏன் எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை?"

வேறொரு நிறுவனமாம். விண்ணப்பத்தை அண்ணையே எழுதினாராம். ஒன்றரைப் பக்கம். பார்க்க வந்த அன்று அவருக்குக் கிளினிக் நாள். வந்தவர்களை லான்ட்மாஸ்ரர் பெட்டியில் தனக்குப் பக்கத்தில் இருத்தி, ரவுண்வரை கொண்டுபோயிருக்கிறார். இரண்டாவது குழியிலேயே வந்தவர்களில் ஒருவர் "விளங்கிவிட்டது, விளங்கிவிட்டது" என்றாராம்.

"சரி, எனக்கு ஏன் சொல்லேல்லை?"

மகேஸ்வரி சங்கத்தின் கூட்டக் குறிப்புப் புத்தகத்தைக் கொண்டுவந்து விரித்தா. நல்ல கையெழுத்து: 'நிதி வழங்குநர்கள் எமது சங்கத்துக்கு வருகை தருவது பற்றி, அவர்கள் திரும்பிச் செல்லும்போது கொழும்பு வீதியில் மாங்குளத்தைத் தாண்டும்வரை, ஆலோசகர் அக்காவுக்கு அறிவிப்பதில்லை எனத் தீர்மானிக்கப்பட்டது. முன்மொழிந்தவர்: சிவராசா. வழிமொழிந்தவர்: கறுப்பையா. ஏகமனதாக நிறைவேறியது.'

வீட்டில் போய் இதைச் சொல்லியிருக்கக் கூடாது. சொன்னேன். கணவர் அந்தத் தீர்மானத்தை அன்றைக்கே எங்கள் வீட்டுக்கும் நடைமுறைப்படுத்திவிட்டார். அவருடைய நண்பர்கள் வந்தாலும் சரி, சொந்தக்காரர் வந்தாலும் சரி, அவர்கள் மாங்குளம் தாண்டிய பிறகுதான் எனக்குச் செய்தி.

போன மாதம் நான் யாழ்ப்பாணம் போயிருந்த நேரம் மகள் தொலைபேசி எடுத்தாள்.

"அம்மா, என்னைப் பெண் பாக்க வவுனியாவிலை இருந்து வந்தவை. வந்திட்டுப் போட்டினம்."

"என்னடி சொல்லுறாய்? எப்ப?"

"இப்பதான் மாங்குளம் தாண்டினவை."

மாப்பிள்ளை வீட்டாருக்கு எல்லாம் பிடித்துவிட்டதாம். கலியாண நாளை எனக்கு எப்போது அறிவிப்பது என்று அப்பாவும் மகளும் இன்னும் கதைத்துக்கொண்டிருக்கிறார்கள்.