கட்டாயம் நிரப்ப வேண்டிய கட்டம்

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் குட்டிப்பூதமும் நலம். அங்கே நீயும் அத்தானும் நலமாகவும், முடிந்தால் என்மேல் கோபமில்லாமலும் இருக்க வேண்டுகிறேன்.

நான்கு நாளாக உன் போனுக்கு, "மகிழ்ச்சியான செய்தி! குழந்தை பால் குடித்தது. இடது பக்கம், பன்னிரண்டு நிமிடம்" என்று வந்துகொண்டிருப்பது நான் செய்த வேலைதான். நேற்று நீ வகுப்பில் பாடம் நடத்தும்போது போன் அதைச் சத்தமாக வாசித்து, பிள்ளைகள் கைதட்டினார்களாமே. "உங்கக்கா போன்ல ஏதோ வைரஸ்ம்மா" என்று அத்தான் சொன்னபோது வாயைத் திறக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

நடந்தது இதுதான். "வாடிக்கையாளரோட இடத்துல இருந்து பாருங்க" என்று அலுவலகத்தில் உத்தரவு. நாங்கள் செய்கிற செயலியை நாங்களே ஒரு வாரம் வீட்டில் பயன்படுத்த வேண்டும். அது கைக்குழந்தைக்காரர்களுக்கானது, குழுவில் ஏழு பேரில் கைக்குழந்தை எனக்கு மட்டும்தான். ஒருவன் தன் நாய்க்குட்டியைப் பதிந்தான், இன்னொருவன் பூந்தொட்டியை. "எங்க பாப்பா ராத்திரி முழுக்கத் தூங்குதுக்கா, உங்களோடது ஏன் இப்படி?" என்று பூந்தொட்டிக்காரன் என்னிடமே கேட்கிறான்.

நானும் உற்சாகமாகத்தான் தொடங்கினேன். மூன்றாவது பக்கத்தில், "உங்களோடு குழந்தையைப் பார்த்துக்கொள்பவர் யார்?" என்று ஒரு கட்டம். பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம், நிரப்பாவிட்டால் நகராது. இவர் எண்ணைப் போட்டேன். கப்பலில் சிக்னல் ஏது? "எண் தொடர்பில் இல்லை." சரியென்று என் எண்ணையே போட்டேன். "உங்களைத் தவிர வேறொருவர்" என்றது. அக்கா, அந்த வரியை எழுதியதே நான்தான். கல்யாணத்துக்கு முன்னால், டீ குடித்துக்கொண்டே எழுதினேன். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அந்தக் கட்டத்தையே பார்த்தபடி நின்றேன். எதிர்வீட்டுக் கதவின் எண் தெரியும், உள்ளே இருப்பவர்களின் பெயர் தெரியாது. கடைசியில் உன்னைக் கேட்காமலேயே உன் எண்ணைப் போட்டுவிட்டேன்.

இன்று கூட்டத்தில், "இந்தக் கட்டத்தைக் கட்டாயமில்லாம ஆக்கிடலாம்" என்றேன். "எதுக்கும்மா? வீட்ல ஒருத்தர்கூடவா இருக்க மாட்டாங்க?" என்றார் குழுத்தலைவர். "எங்க வீட்ல இல்ல சார்" என்றேன். திரையில் எல்லோரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள். நான் கேமராவை அணைத்துவிட்டேன்.

சாயங்காலமே நட்சத்திரத்தை எடுத்தாயிற்று. காலையில் உன் எண்ணையும் எடுத்துவிடுகிறேன். நீ நிம்மதியாகப் பாடம் நடத்து. பதில் போட வேண்டாம். நான் சமாளித்துக்கொள்வேன். அத்தானிடம் மன்னிப்பையும், உன் மகளிடம் என் முத்தத்தையும் சேர்த்துவிடு.

இப்படிக்கு,
உன் வீட்டு வைரஸ்

பி.கு.: அனுப்பப் போனேன், பூதம் எழுந்துவிட்டது. பால் கொடுத்துப் பதிந்தேன். பதிந்த வேகத்தில் திரையில் உன் பெயர்! செய்திக்குக் கீழே பதில் எழுத இடம் வைத்திருப்பது எனக்கே மறந்துபோயிருந்தது. "மத்தியானத்துலேர்ந்து இடது பக்கமே குடுக்கிறியேடி, மாத்திக் குடு. நாலு நாளா இதே கதைதான்." அப்படியென்றால் நான்கு நாளும் ஒன்று விடாமல் படித்திருக்கிறாய். மேலே எழுதியதை அடித்துவிடு அக்கா. உன் எண்ணை எடுக்க மாட்டேன்.